ஓய்வுக்கு நான் எழுதிவைத்த காரணங்கள்

ஓய்வைப் பற்றி ஒரு நோட்டில் நான் எழுதி வந்ததைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்கத் தொடங்கினேன். "ஓய்வைப் பற்றி எழுதிய நேரத்தில் உருப்படியாக ஒரு வேலையை முடித்திருக்கலாமே" என்று மூத்தவர் ஒருவர் சொன்னதும், கூடியிருந்தவர்கள் சிரித்ததும் இன்னும் என் காதில் இருக்கின்றன. அந்த நோட்டில் நான் பொழுதுபோக்க எழுதவில்லை. எழுதியிருக்காவிட்டால், எனக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

மூன்று மாதங்களாக, இரவுதோறும் கால் மணி நேரம், அன்று எப்போது வேலையை நிறுத்தினேன், நிறுத்தியபோது மனம் என்ன சொன்னது என்று மட்டும் எழுதி வந்தேன். மொத்தமாக வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது: ஓய்வெடுத்த ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் எழுதியிருக்கிறேன். 'தலைவலி, அதனால் படுத்தேன்.' 'அறிக்கை முடிந்தது, அதனால் சற்று உட்கார்ந்தேன்.' இரவு பதினொன்று வரை வேலை செய்த நாள்களுக்கு ஒரு காரணமும் இல்லை. வேறு யாரும் பார்க்காத நோட்டில் இந்தக் கணக்கை நான் யாரிடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தேன்?

எழுதினால் வேலைச்சுமை குறையுமா என்று கேட்பார்கள். குறையாது, குறையும் என்று நான் சொல்லவும் இல்லை. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், மனத்தை வருத்திய அனுபவங்களை நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் எழுதிய உடனே முன்பைவிட வாடித்தான் போனார்கள். ஆனால் நடந்ததோடு தங்கள் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எனக்கும் முதலில் வலித்தது.

வேலையே கிடைக்காதவர்கள் இருக்கையில் இது வசதியுள்ளவர்களின் கவலை என்ற கேள்விதான் என்னைத் தைக்கிறது. அதில் உண்மை இருக்கிறது. கால் மணி நேரமும் ஒரு நோட்டும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனாலும் 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு, ஓய்வையும் நியாயமான வேலைநேர வரம்பையும் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உழைத்துக் களைத்தவருக்கு மட்டும் என்றோ, காரணம் காட்டியவருக்கு மட்டும் என்றோ அது சொல்லவில்லை. நான் மட்டும் ஏன் காரணம் காட்டிக்கொண்டே இருந்தேன் என்பதை அறிய எனக்கு எழுத வேண்டியிருந்தது. இதைச் சோம்பல் என்பவர்களிடம் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அம்மா பகலில் படுத்து நான் பார்த்தது அரிது. படுத்தாலும், வாசலில் காலடி கேட்டதும் எழுந்து கையில் துடைப்பத்தையோ ஒரு துணியையோ எடுத்துக்கொள்வாள்; காய்ச்சலிலும் அப்படித்தான். அலுவலகத்திலிருந்து கைப்பேசியில் செய்தி வந்தால், படுத்திருக்கும் நான் அதைத் திறப்பதற்கு முன்பே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்று ஒரு நாள் எழுதினேன். எழுதிக்கொண்டிருந்தபோதே அம்மா எழுந்திருப்பது கண்முன் வந்தது. அன்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

சனிக்கிழமை நான் வாசிக்க எடுத்துச் சென்றது அந்தப் பக்கத்தைத்தான். அதற்கு முந்தைய பக்கத்திலேயே சிரிப்பு எழுந்துவிட்டதால் நோட்டை மூடிவிட்டேன். என் அம்மாவை நன்கு அறிந்த தோழி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள்.