கைதடி மாகாண சபை மண்டபம் ஏன் பூட்டிக் கிடக்கவேண்டும்?

"கறுப்புக் கோட்டுக்காரரை விட்டால் யாழ்ப்பாணத்தில் அரசியலுக்கு வேறு ஆளே இல்லையா?" தேர்தல் வந்தால் இந்தக் கேள்வி எல்லா இடமும் கேட்கும். ஜீ.ஜீ. பொன்னம்பலம், செல்வநாயகம், அமிர்தலிங்கம், சிவசிதம்பரம், ரவிராஜ் என எல்லோரும் சட்டத்தரணிகள்தான். கமக்காரரும் கடற்றொழிலாளரும் பெண்களும் கூடுதலாக வரவேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் "லோயர்மாரே வேண்டாம்" என்பதோடு எனக்கு உடன்பாடில்லை.

கொழும்பில் பெயரெடுத்த சட்டத்தரணி வேறு. மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று தவணைக்குத் தவணை ஓடுகிறவர் வேறு. நான் சொல்வது இரண்டாமவரை.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வீட்டு முன்னறைதான் கந்தோர். பின்னேரத்தில் வழக்கு வேலை, இரவில் கட்சிக் கூட்டம். ஒருநாள் வலிகாமம் வடக்கு அம்மா ஒருவர் சொப்பிங் பையில் உறுதியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுவிட்டது. ஆனால் வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை. காணிக்குப் போகும் ஒழுங்கையே பக்கத்துக் காணிக்குள் போய்விட்டது. பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். பிரதேச சபையில் கேட்டால் பழைய பதிவேடு இல்லையாம். உறுதியை விரித்து, வடக்கெல்லை கிழக்கெல்லை எல்லாம் வாய்விட்டு வாசித்துவிட்டுச் சட்டத்தரணி சொன்னார்: "வழக்குப் போட்டா வருசக்கணக்கா இழுபடும் அம்மா. முதல்ல நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய் அளப்பம்." காசு வாங்கவில்லை.

இப்படிக் கோப்புக் கோப்பாகப் பார்த்தவருக்குத்தான் ஒழுங்கைப் பதிவேட்டுக்கு என்ன விதி வேண்டும் என்று தெரியும். உள்ளூராட்சி மாகாண சபையின் விடயம். அப்படியானால் அவர் இருக்கவேண்டிய இடம் கைதடி.

வட மாகாண சபைக்கு நடந்தது ஒரேயொரு தேர்தல், 2013 செப்டெம்பர் 21. 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தது. உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வுபெற்ற விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அந்தச் சபையில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. தீர்மானங்கள் குவிந்தன, நியதிச் சட்டங்கள், அதாவது மாகாண சபையே இயற்றும் சட்டங்கள், குறைவு. தீர்மானத்துக்குக் கைதட்டு விழும். நியதிச் சட்டத்துக்கு இரவிரவாக இருந்து எழுதவேண்டும், பிறகு ஆளுநரின் சம்மதத்துக்குக் காத்திருக்கவேண்டும். மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் உள்ள காணி, பொலிஸ் அதிகாரங்களைக் கொழும்பு தரவில்லை என்பது உண்மை. அதற்காகக் கையில் இருந்ததையும் எழுதாமல் விட்டது சரியா?

2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் புதிய முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருடம் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. மாகாணம் ஆளுநர் கையில்.

இதில் அடிபட்டுப் போனது ஊர்ச் சட்டத்தரணியின் வழி. சாவகச்சேரியில் காலையில் வழக்குப் பேசிவிட்டு மத்தியானம் கைதடிச் சபைக்குப் போய்விடலாம், பக்கத்து ஊர்தானே. பாராளுமன்றம் என்றால் அமர்வு வாரங்களில் வழக்குகளை யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு ஏறவேண்டும். வசதியும் கொழும்பில் வீடும் உள்ளவருக்கு அது சரி. முன்னறைக் கந்தோர்க்காரருக்கு?

பழைய விகிதாசார முறையிலாவது தேர்தலை உடனே வையுங்கள் என்று நம் கட்சிகள் ஒரே குரலில் கேட்கவேண்டும். அப்புறம் வாக்குக் கேட்டு வருகிற சட்டத்தரணியிடம் நாங்களும் கேட்போம்: முதல் வருடத்தில் எந்த நியதிச் சட்டத்தை எழுதித் தருவீர்கள்?