கெர்சன் கதையைப் படித்துவிட்டு வந்து பேசலாம்

உக்ரைன் பற்றி யார் என்ன எழுதினாலும் கீழே ஒரு கமென்ட் தவறாமல் வந்துவிடுகிறது. முதல் வாரமே உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி ரஷ்யா கேட்டதற்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் இத்தனை உயிர் போயிருக்காதே, சாதாரண ஜனங்களுக்கு எந்தக் கொடி பறந்தால் என்ன, வேளைக்குச் சாப்பாடு கிடைத்தால் போதாதா என்று. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே இரக்கத்தில்தான் சொல்கிறார்கள். மீதிப் பேருக்கு அமெரிக்கா மேல் கோபம், அந்தக் கோபத்துக்கு வியட்நாம், ஈராக் என்று நியாயமான காரணங்களும் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாதாரண ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்பதை இரண்டு தரப்புமே அவர்களைக் கேட்காமல் முடிவு செய்துவிடுகிறது.

நம்மூருக்கு அந்தப் போர் இரண்டு வழியில் வந்தது. ஒன்று, மருத்துவம் படிக்கப்போன பிள்ளைகள் பதுங்கறைகளிலிருந்து அனுப்பிய வீடியோ. இன்னொன்று, மளிகைக் கடையில் சன்ஃபிளவர் ஆயில் விலை. பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள், எண்ணெய் விலையும் இறங்கியது, நம் அக்கறையும் அதோடு சரி. அப்புறம் போர் என்றால் புடின், நேட்டோ ராணுவக் கூட்டணி, வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறி. அதில் மனிதர்கள் யாரும் இல்லை.

சரி, எதிர்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்யவே வேண்டாம். கெர்சன் என்று ஒரு ஊர் இருக்கிறது. தெற்கே, தினிப்ரோ ஆற்றங்கரையில், தர்பூசணிக்குப் பேர்போன ஊர். போர் தொடங்கியது 2022 பிப்ரவரி 24, மார்ச் 2க்குள் ஊர் ரஷ்யர் கைக்குப் போய்விட்டது. ஊர்க்காவலுக்குச் சேர்ந்த தன்னார்வலர்கள் சிலர் பெட்ரோல் குண்டுகளோடு ஒரு பூங்காவில் நின்று செத்தார்கள், அதற்குமேல் ஊருக்குள்ளே பெரிய தற்காப்பு எதுவும் இல்லை. மரியுபோல் போல மாதக்கணக்கான முற்றுகையும் இல்லை. இன்னொன்று, அங்கே வீட்டிலும் கடைவீதியிலும் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் நிறைய. இங்கிருந்து பார்த்தால், வந்தவனோடு ஒத்துப்போவதற்கு இதைவிடத் தோதான ஊர் இருக்க முடியாது.

ஒத்துப்போனார்களா? ஊர் விழுந்த மூன்றாம் நாளே ஆயிரக்கணக்கான பேர் உக்ரைனின் நீல-மஞ்சள் கொடியோடு சதுக்கத்துக்கு வந்துவிட்டார்கள். துப்பாக்கிக்காரர்கள் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள், இவர்கள் "வீட்டுக்குப் போ" என்று ரஷ்ய மொழியிலேயே கத்துகிறார்கள். ஓடுகிற கவச வண்டி மேல் ஒரு ஆள் ஏறி நின்று கொடியை ஆட்டுகிற வீடியோ அன்றைக்கு எடுத்ததுதான். அதே மாகாணத்தில் ஹெனிசெஸ்க் என்ற சின்ன ஊரில், போரின் முதல் நாளே ஒரு அம்மா ரஷ்யச் சிப்பாயிடம் போய், பாக்கெட்டில் சூரியகாந்தி விதையைப் போட்டுக்கொள், நீ இங்கே செத்து விழுந்தால் பூவாவது முளைக்கட்டும் என்றார். நம் கிராமத்துக் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்களே, கிட்டத்தட்ட அந்த ரகம்.

மார்ச் கடைசியில் கூட்டத்தின் மேலேயே சுட ஆரம்பித்தார்கள். ஆட்களை வீடு புகுந்து தூக்கினார்கள். அப்புறம் செல்போன் சிக்னலும் இன்டர்நெட்டும் ரஷ்யா வழியாகத் திருப்பப்பட்டன, டிவியில் ரஷ்யச் சானல் மட்டும், கடையில் ரூபிள், கையில் ரஷ்ய பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வாங்கியவர்களும் உண்டு, ரூபிளில் பென்ஷன் வாங்கிய முதியவர்களும் உண்டு, வந்தவனுக்கு மனதார வேலை பார்த்தவர்களும் உண்டு. மாத்திரை வாங்கக் காசு வேண்டும் என்று வரிசையில் நின்ற பாட்டியை நான் துரோகி என்று சொல்ல மாட்டேன், கிட்டத்தட்ட ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல யாருக்கும் யோக்யதை இல்லை. ஆனால் அதே ஊரில்தான் இரவோடு இரவாக மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் எதிர்ப்புக்கு அடையாளமாக மஞ்சள் ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்கள். பார்க்க ஒன்றுமில்லாத காரியம். மாட்டினால் நிலவறைச் சிறை.

என்னை ரொம்பவும் உலுக்கியது அந்த ஊர்க் குழந்தைகள் மருத்துவமனைதான். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை ரஷ்யர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்ததும், அங்கிருந்த டாக்டர்களும் நர்ஸ்களும் பொய் கேஸ் ஷீட் எழுத ஆரம்பித்தார்கள். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு, இன்னொன்றுக்கு வலிப்பு, பச்சைக்குழந்தைக்குச் செயற்கைச் சுவாசம் என்று. தூக்கிக்கொண்டு போகிற நிலையில் இல்லை என்று காகிதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஒரு ரஷ்ய மருத்துவர் வந்து ஸ்டெதஸ்கோப் வைத்தால் கதை முடிந்தது. அந்த வார்டில் துப்பாக்கி கிடையாது, ஜெலன்ஸ்கியின் உத்தரவு கிடையாது, அமெரிக்கப் பணம் கிடையாது. ஊரில் வேறொரு குழந்தைகள் இல்லத்திலிருந்து நிஜமாகவே பல பிள்ளைகளைக் கிரிமியாவுக்குக் கொண்டுபோனார்கள். இப்படி உக்ரைனின் பல ஊர்களில் பிள்ளைகளைக் கொண்டுபோன விவகாரத்தில்தான் 2023 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புடினுக்குப் பிடிவாரண்ட் போட்டது.

2022 செப்டம்பரில் வாக்கெடுப்பு என்று ஒன்று நடத்தி, கெர்சனில் 87 சதவீதம் பேர் ரஷ்யாவோடு சேர விரும்புவதாக அறிவித்தார்கள். ஆயுதம் ஏந்திய சிப்பாயைக் கூட்டிக்கொண்டு வாக்குப்பெட்டியை வீடு வீடாக எடுத்துப்போனால் 87 என்ன, 100கூட வரும். ரஷ்யா இங்கே என்றென்றைக்கும் என்று ஊரெங்கும் பெரிய பேனர். ஆறே வாரம். நவம்பர் 11 அன்று உக்ரைன் படை உள்ளே வந்தபோது ஊரில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, ஆனால் ஜனங்கள் ரோட்டுக்கு ஓடிவந்து சிப்பாய்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், எட்டு மாதம் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த கொடிகளோடு. அந்த 87 சதவீதம் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று நம்ம புவிசார் அரசியல் நிபுணர்கள் யாராவது சொன்னால் தேவலை.

தலைநகர் கீவ் பக்கத்தில் இருக்கிற புச்சா என்ற ஊரும் இதே கதைதான். அங்கே தெருவில் கிடந்த பிணங்களில் பெரும்பாலானவை போர்க்களத்தில் விழுந்தவை அல்ல, ரஷ்யப் படை கையில் ஊர் இருந்த அந்த ஒரு மாதத்தில் விழுந்தவை. கையெழுத்துப் போட்டால் சாவு நின்றுவிடும் என்கிறவர்கள் இந்தக் கணக்கை எங்கே எழுதுவார்கள்?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022ல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உக்ரைன்காரர்களைக் கேட்டபோது ஜெயிக்கும்வரை சண்டை போடவேண்டும் என்றவர்கள் 73 சதவீதம். 2025ல் அது 24 சதவீதம். பெரும்பாலோர் இப்போது பேச்சுவார்த்தை என்கிறார்கள். ஜனங்கள் களைத்துவிட்டார்கள், ஆண்களை ரோட்டில் மடக்கிப் படையில் சேர்க்கிறார்கள் என்று அங்கேயே பெரிய கோபம் இருக்கிறது, ஊழல் பற்றியும் வீதியில் இறங்கிக் கத்துகிறார்கள். இதைக் காட்டி "பார்த்தாயா, அவர்களே விட்டுவிட்டார்கள்" என்று ஒருவர் போன வாரம் எனக்கு மெசேஜ் போட்டார். பேசி முடி என்பது வேறு, பிடித்ததையெல்லாம் வைத்துக்கொள் என்பது வேறு. வாடகைத் தகராறில் சமரசத்துக்கு வருகிறவன் வீட்டை எழுதிக் கொடுக்க வருவதில்லை. கெர்சன்காரர்களையே பாருங்கள், அக்கரையில் இன்னும் ரஷ்யப் படை, 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து ஊருக்குள் வெள்ளம், இப்போது தெருவில் நடப்பவனைத் துரத்திக் குண்டு போடுகிற டிரோன்கள், அதற்காக ரோட்டுக்கு மேலே வலை கட்டி வைத்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். போனவர்களில் பெரும்பாலோர் போனது உக்ரைன் பக்கம்தான்.

கமென்ட்டில் நேட்டோ விரிவாக்கம் பற்றி எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம், நானும் படிக்கத்தான் போகிறேன். கூடவே அந்த மருத்துவமனையில் பொய் கேஸ் ஷீட் எழுத நேட்டோ எப்படிப் பயிற்சி கொடுத்தது என்பதையும் நாலு வரி சேர்த்துவிடுங்கள். கெட்ட வார்த்தை போட்டால் பிளாக்.