நிலவேம்பு: காய் முற்றும் வரை காத்திருக்க வேண்டாம்

"நிலவேம்பு காய் முற்றி, செடி மஞ்சளடித்த பிறகு வேரோடு பிடுங்கினால்தான் முழுக் கசப்பும் கிடைக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது விதை எடுப்பவர் கணக்கு, மருந்துக்கு ஒத்துவராது. கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு இலையில்தான் அதிகம், தண்டில் குறைவு. பூக்கத் தொடங்கும்போது உச்சத்தில் இருக்கும், காய் பிடித்ததும் இறங்கிவிடும். முற்றிய செடியில் இலையும் கொட்டிப்போகும், அப்புறம் கையில் மிஞ்சுவது குச்சிதான்.

ஆடியில் நட்டால் மூன்று, நான்கு மாதத்தில் வெள்ளை இதழில் ஊதாத் தீற்றல் வைத்த சின்னப் பூ தலைகாட்டும். அப்போது அடியில் 10–15 செ.மீ. விட்டு அறுங்கள். பிடுங்கினால் மறுதாம்பு (அடிக்கட்டை மறுபடி துளிர்த்து வருவது) போச்சு.

ஒரே தொல்லை, இந்த அறுவடை ஐப்பசி, கார்த்திகை மழையோடு வந்து மோதும். ஈரத்தோடு அறுத்துக் குவித்தால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு அறுத்து, நிழலில் மெல்லிசாகப் பரப்புங்கள். கசக்கினால் இலை நொறுங்க வேண்டும், பச்சை நிறமும் மாறியிருக்கக் கூடாது.