ரோபோ கை நடுங்குவதற்குக் காரணம் புரோகிராம் இல்லை, கரண்ட்

தம்பி, "ரோபோ கையின் மூட்டுகளைத் திருப்பும் நாலு எம்ஜி996ஆர் சர்வோ மோட்டாரையும் அர்டுயினோ ஊனோ கன்ட்ரோல் போர்டின் 5 வோல்ட் பின்னிலேயே ஓட்டலாம், கை நடுங்கினால் கோடு (புரோகிராம்) தப்பு" என்று நீங்கள் சொன்னது சரியில்லை. அதை நம்பி வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் புராஜெக்ட் செய்யும் பசங்க போர்டைக் கெடுத்துக்கொள்வார்கள்.

இந்த சர்வோ சுமையில் சிக்கி நின்றால் 6 வோல்ட்டில் ஒன்றே சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். ஊனோவின் யுஎஸ்பி ஃப்யூஸ் 500 மில்லி ஆம்பியர்தான். தோள் மோட்டார் கையைத் தூக்கும் நொடியில் வோல்ட்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகிறது. புரோகிராமின் தொடக்கப் பகுதியான செட்டப் மறுபடி ஓடுவதால் எல்லா மூட்டும் 90 டிகிரிக்குத் துள்ளும். கோடில் தேடினால் இது கிடைக்கவே கிடைக்காது.

எல்இடி ஸ்ட்ரிப்புக்கு விற்கும் 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தனியாகப் போடுங்கள். அதன் மைனஸை ஊனோவின் கிரவுண்டோடு கட்டாயம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் குழம்பி சர்வோ தன்னிஷ்டத்துக்கு ஆடும். சர்வோக்களுக்குப் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று, பிளஸ் மைனஸ் கால் மாறாமல் போடுங்கள். சோல்டர் இல்லாமல் ஒயரைச் செருகும் பிரெட்போர்டு வழியாக இந்தக் கரண்டை விடாதீர்கள், உள்ளே கிளிப் சூடாகி இளகிவிடும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஸ்க்ரூ டெர்மினல் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் நடுங்கினால், அப்போது கோடைப் பாருங்கள்.