மின்சாரக் காருக்கு ஓடர் திகதியில் வரி பூட்டப்படுவதில்லை

உவர்மலையில் எங்கட வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுத்துது: லண்டனில் கொம்பனி தரும் மின்சாரக் காரை ஏப்ரல் 5க்கு முன் ஓடர் பண்ணினால் அந்த வருட வரி வீதமே கடைசிவரை நிற்குமாம், கார் பிந்தி வந்தால் எல்லாம் போச்சாம். அங்கிருக்கிற மச்சானும் பதறிப்போய்க் கேட்டார். இரண்டுமே பிழை.

கொம்பனிக் காரைச் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்தால், பிரித்தானியாவில் அதன் பட்டியல் விலையில் ஒரு வீதத்தை வருமானம் மாதிரிக் கணக்கெடுத்து அதற்கு வருமான வரி போடுவினம். இந்த வரிக்கு ஓடர் திகதி கணக்கிலேயே இல்லை. கார் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு, வீதம் மாறினாலும் வரி வருடம் தொடங்கும் ஏப்ரல் 6இல் எல்லாருக்கும்தான் மாறும். 2024-25இல் 2 வீதம், 2025-26இல் 3, 2026-27இல் 4, 2027-28இல் 5. பட்டியல் விலை 40,000 பவுண் என்று வையுங்கோ: 3 வீதம் 1,200 பவுண், 20 வீத வருமான வரி கட்டுபவருக்கு அதில் 240 பவுண். கார் யூலை 6ஆம் திகதிதான் வந்ததென்றால் முழு 240 இல்லை, கிட்டத்தட்ட 180தான். 4 வீதமானால் வருடத்துக்கு 320, முதலே ஓடர் பண்ணினவருக்கும் அதேதான்.

குழப்பம் வந்த இடம் வேறாக இருக்கலாம். வருடாந்த வீதி வரியில் விலை கூடின கார்களுக்கு ஒரு மேலதிகக் கட்டணம் உண்டு. மின்சாரக் கார் என்றால் 2025 ஏப்ரல் 1 தொடக்கம் பதிந்தவற்றுக்குத்தான். அங்கேயும் பார்ப்பது பதிவுத் திகதியைத்தான், ஓடரை இல்லை.

மச்சானின் கார் இன்னும் வரவில்லை. வராத காருக்கு வரியும் இல்லை.