அலமாரிக்குள் மரவள்ளி

திருகோணமலைக் கடற்கரை, பின்னேரம் ஐந்தரை மணி. ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் நடேசன் ஒரு சுருள் கச்சானோடு சீமெந்து வாங்கில் இருக்கிறார். ஒரு கையில் கைபேசியும் மறு கையில் சந்தைப் பையுமாகப் பரமேஸ்வரி அக்கா வந்து சேர்கிறார். நான் பக்கத்து வாங்கில் இருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். அக்கா கதைத்தால் கோணேசர் கோயில் வரை கேட்கும்.

அக்கா: தம்பி, உங்களைத் தேடி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். ரூபனுடைய செடிக்குப் பூச்சி விழுந்துவிட்டதாம்.

நடேசன்: கனடா ரூபனா? அந்தக் குளிருக்குள் என்ன செடி?

அக்கா: வெளியில் இல்லை. வீட்டுக்குள், அலமாரிக்குள் வளர்க்கிறான்.

நடேசன்: அப்போ உடுப்பு?

அக்கா: உடுப்பெல்லாம் கதிரையில் கிடக்கிறது. செடிக்கு லைட், செடிக்குக் காற்றாடி, ஈரப்பதம் பார்க்க ஒரு மீட்டர். பெற்ற தாய் இங்கே விசிறி மட்டையோடு கிடக்கிறேன்.

நடேசன்: செடிக்குப் பெயர் என்ன?

அக்கா: ஏதோ மூலிகை என்றான். இலை மரவள்ளி இலை மாதிரி விரல் விரலாக இருக்கிறது. ஓரத்தில் அரம் போலப் பல்.

நடேசன்: மரவள்ளியை அலமாரியில் நட்டால் கிழங்கு கீழ்வீட்டுக்காரன் கூரையால் அல்லவா இறங்கும்!

அக்கா: கிழங்கு வேண்டாமாம், பூதான் வேண்டுமாம். 12 மணி நேரம் லைட், 12 மணி நேரம் கும்மிருட்டு. நடுவில் அலமாரியைத் திறந்தால் கோபித்துக்கொள்ளுமாம்.

நடேசன்: (நிமிர்ந்து உட்காருகிறார். பென்சன் எடுத்த பிறகு இப்படி ஒரு கேள்வி அவருக்கு வந்ததில்லை.) அது குறும்பகல் தாவரம் அக்கா. இரவு நீண்டால்தான் பூக்கும். செவ்வந்தியும் அப்படித்தான். ஆனி மாதத்தில் அவனுடைய ஊரில் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். நமக்கு வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம். இங்கே சூரியன் சும்மா செய்கிற வேலைக்கு அங்கே அவன் கரண்ட் காசு கட்டுகிறான். செவ்வந்தியாகத்தான் இருக்கும்.

அக்கா: செவ்வந்தி மணக்குமே? இது மரநாய் வந்து போன இடம் மாதிரி நாறுகிறதாம். நாற்றம் வெளியே போகாமல் இருக்கக் கரி நிரப்பின குழாய் ஒன்றும் பூட்டியிருக்கிறான். அதோடு ஒரு வீட்டில் 4 செடிக்கு மேல் வைக்கக்கூடாதாம். சட்டமாம்.

(நடேசனுடைய கச்சான் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிடுகிறது.)

நடேசன்: அக்கா, நான் 31 வருடம் உத்தியோகம் பார்த்தவன். கத்தரிக்கு, பயற்றைக்கு, வெண்டிக்கு எந்த அரசாங்கமும் எண்ணிக்கை போட்டதை நான் காணவில்லை.

அக்கா: கஞ்சாதானே தம்பி, வேறென்ன?

நடேசன்: ஐயோ, மெதுவாக! மெதுவாகக் கதையுங்கள்!

அக்கா: ஏன்? அங்கே 2018 ஒக்டோபர் 17ஆம் திகதியிலிருந்து சட்டப்படி சரியாம். ஒன்ராறியோவில் 19 வயது ஆகியிருந்தால் போதுமாம். இவனுக்கு 41. கலியாணத்துக்குத்தான் இன்னும் வயது வரவில்லை.

நடேசன்: அங்கே சரி. நாங்கள் இருப்பது இங்கே. இங்கே ஒரு செடி வைத்திருந்தாலே பொலிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மூலிகை என்றுதானே சொன்னீர்கள்?

அக்கா: பொய்யா சொன்னேன்? என் அப்பா பரியாரியார். லேகியத்துக்கு அனுமதியோடு வாங்கி, பாலில் அவித்துச் சுத்தி செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ரூபன் என்னிடம் மூலிகை என்று மறைக்கிறான், நானும் தெரியாத மாதிரி இருக்கிறேன். பொடியனுக்கும் ஒரு சந்தோசம் வேண்டாமா?

நடேசன்: சரி, சரி. இனிமேல் இதற்குப் பெயர் மரவள்ளி. விளங்கியதா? மரவள்ளி.

அக்கா: ஓம், மரவள்ளி. (படத்தைக் காட்டுகிறார்) பாருங்கள் இந்தக் கஞ்சாவை.

(நடேசன் கண்ணை மூடித் திறக்கிறார். படத்தைப் பார்த்ததும் பயம் போய் உத்தியோகம் வந்துவிடுகிறது.)

நடேசன்: ம்... மேலே ஊசியால் குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பெரிதாக்குங்கள். பூ நுனியில் நூல் மாதிரி வலை. ஐயையோ, சிற்றுண்ணி. இது பூச்சியே இல்லை அக்கா. 8 கால், சிலந்திச் சாதி. இலைக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சும். வெக்கையும் வரட்சியும் இருந்தால் ஒரு கிழமை, பத்து நாளில் முட்டை பெரிய ஆளாகி அதுவும் முட்டை போடும். ஒரு பெண் உண்ணி நூறு முட்டை வரை போடும்.

அக்கா: அந்தக் குளிர் நாட்டில் வெக்கை எங்கே இருக்கிறது?

நடேசன்: அலமாரிக்குள் இருக்கிறதே! லைட் போட்டு, கதவைச் சாத்தி, தம்பலகாமத்து வயல் வெயிலை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறான். உண்ணியைத் தின்னும் சிலந்தி இல்லை, வண்டு இல்லை, மழை இல்லை. உண்ணிக்கு அது ஐந்து நட்சத்திர ஹோட்டல். அறுவடைக்கு எத்தனை நாள் இருக்கிறது?

அக்கா: 10 நாளாம். நான் வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும் கலந்து பூவோடு சேர்த்து நன்றாக அடிக்கச் சொல்லிவிட்டேன்.

நடேசன்: அடித்துவிட்டானா?

அக்கா: இல்லை. அங்கே இப்போதுதான் விடிகிறது. எழும்ப மாட்டான்.

நடேசன்: தூங்கட்டும்! அக்கா, இது தின்கிற சாமானா? கழுவித் தோல் சீவிச் சமைக்கிற சாமானா? கொளுத்துகிற சாமான். பூ முழுக்கப் பிசின், அடித்தது அதிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். நுளம்புக்கு வேப்பம்புகை போட்டால் நாம் அறையை விட்டு வெளியே வருவோம். இவன் அதை உள்ளுக்கு இழுக்கப் போகிறான்.

அக்கா: அப்போ கடையில் விற்கிற மருந்து?

நடேசன்: அது இன்னும் மோசம். மைக்ளோபியூட்டனில் என்று ஒரு பூஞ்சண மருந்து இருக்கிறது. திராட்சைத் தோட்டத்தில் பிரச்சினை இல்லாமல் அடிக்கிறார்கள். ஆனால் அது எரிந்தால் சயனைட் வாயு வரும். கனடாவில் அனுமதி எடுத்து வளர்த்தவர்களுடைய சரக்கிலேயே அந்த மருந்து அகப்பட்டு, விற்றதையெல்லாம் திருப்பி எடுத்தார்கள்.

அக்கா: சயனைட்டா? அந்தச் சொல்லுக்குப் பயந்துதானே தம்பி இவனை அந்தக் காலத்தில் பிளேன் ஏற்றினேன்.

(இருவரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்கிறார்கள். பிறகு அக்கா ஒரு கச்சானை எடுத்து உடைக்கிறார்.)

நடேசன்: கடைசி 2 கிழமை. எல்லாரும் விழுகிற இடம் அதுதான். நிலாவெளியில் ஒரு மிளகாய்த் தோட்டம். போத்தலில் எழுதியிருக்கும், கடைசி மருந்து அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று. நான் வாசித்துக் காட்டுவேன். அந்த மனிதர் தலையை ஆட்டுவார். விடிய எழும்பி அடிப்பார், பின்னேரம் பறிப்பார். கேட்டால், “ஐயா, இவ்வளவு நாள் பாடுபட்டு வளர்த்ததைப் பூச்சிக்குக் கொடுக்கவா?” என்பார். 31 வருடத்தில் ஒருவராவது அடிப்பதற்கு முதல் நாள் வந்து என்னைக் கேட்டதில்லை. உங்களுடைய மகன்தான் முதல் ஆள்.

அக்கா: அவனும் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். சரி, அடிக்கவும் கூடாது, பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது. என்ன செய்வது?

நடேசன்: ஆரம்பத்திலேயே கண்டிருந்தால் உண்ணியைத் தின்னும் உண்ணி இருக்கிறது, அதை விட்டிருக்கலாம். அங்கே போத்தலில் அடைத்து விற்கிறார்கள்.

அக்கா: உண்ணியைக் காசு கொடுத்து வாங்குகிறார்களா? எங்கள் வீட்டு நாய் முழுக்க உண்ணி. ஒரு போத்தல் பிடித்து அனுப்பட்டுமா?

நடேசன்: அக்கா! அது இரத்தம் குடிக்கிற உண்ணி. இது செம்மஞ்சளாக, கடுகில் பாதி கூட இருக்காது. செடியைத் தொடாது, அந்தச் சிற்றுண்ணியை மட்டும் தேடித் தின்னும். தின்று முடித்தால் பட்டினியில் தானே செத்துப்போகும்.

அக்கா: நல்ல பிள்ளையாக இருக்கிறதே.

நடேசன்: ஆனால் இப்போது பூவில் பிசின் ஏறிவிட்டது, அவற்றுக்கும் கால் ஒட்டும். இனிக் கைவேலைதான். பொறுங்கள், வாயால் சொல்ல மாட்டேன், எழுதித் தருகிறேன்.

(கச்சான் சுருளை விரிக்கிறார். யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள். அதன் ஓரத்தில் எழுதிக்கொண்டே, எழுதுவதையெல்லாம் வாயாலும் சொல்கிறார்.)

நடேசன்: வலை கட்டின செடியை இன்றைக்கே வெட்டி வேறாக்க வேண்டும். வலைக்குள் அகப்பட்ட பூ குப்பைக்கு. மற்ற மூன்றிலும் புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, பையில் கட்டி வெளியே போட வேண்டும். அலமாரிச் சூட்டை 20 பாகைக்கு இறக்கினால் உண்ணி மந்தமாகும். பூவில் தண்ணீர் அடிக்கவே கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். வெட்டின பிறகு கழுவலாம். 3 வாளி. முதலாவதில் தண்ணீரோடு கொஞ்சம் ஹைட்ரஜன் பெரொக்சைட்டு. மற்ற இரண்டிலும் நல்ல தண்ணீர்.

அக்கா: கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் மாறி மாறி அள்ளிக் குளிக்கிற மாதிரி.

நடேசன்: அதேதான், சூடு மட்டும் வேண்டாம். பிறகு தலைகீழாகத் தூக்கி, காற்றாடி போட்டுக் காயவிட வேண்டும். மற்ற மூன்றையும் அவசரப்பட்டு வெட்டத் தேவையில்லை. நகைக்கடைக்காரர் கண்ணாடியால் பூவைப் பார்த்தால் சின்னச் சின்னப் பிசின் முத்துகள் தெரியும். தெளிவாக இருந்தால் காய், பால் நிறம் வந்தால் பருவம்.

அக்கா: (உற்றுப் பார்த்து) அது மிளகாயில் இல்லையே தம்பி. உங்களுக்கு எப்படித் தெரியும்?

நடேசன்: ...பொதுவான விவசாய அறிவு.

அக்கா: ஓம், ஓம். மரவள்ளி அறிவு. அது கிடக்கட்டும், உங்கள் வாசல் மிளகாய் எப்படி? இந்த முறை மூன்று தொட்டியும் நிறையக் காய்த்ததாகச் சொன்னீர்களே?

நடேசன்: அதைக் கேட்காதீர்கள்.

அக்கா: உண்ணியா?

நடேசன்: மான்.

(சொல்லி வாய் மூடவில்லை. கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று வாங்குக்குப் பின்னால் கழுத்தை நீட்டி, அக்காவின் பையில் இருந்த கங்குங் கீரைக் கட்டை முகர்ந்து பார்த்துப் பிடிக்காமல், நடேசன் கையில் இருந்த தாளை ஒரே இழுவையில் இழுத்தது. மூன்று வாளியும் 20 பாகையும் போயின. இந்த ஊர் மான்கள் புல்லைத் தவிர எல்லாம் தின்னும். நானும் ஒரு மின்சாரப் பட்டியலை இப்படித்தான் இழந்தேன், அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை.)

நடேசன்: ஏய்! விடு! விடு!

அக்கா: அடிக்காதீர்கள், கோணேசருடைய மான். 8 கால் சீவனுக்கு இவ்வளவு வைத்தியம் சொன்னீர்கள், 4 காலுக்கு ஒன்றும் இல்லையா?

நடேசன்: 4 காலுக்குச் சட்டம் இருக்கிறது, தொட்டால் எனக்குத்தான் வழக்கு.

அக்கா: சரி, இனி எழுத வேண்டாம். (கைபேசியை அமத்தி அவருடைய வாய்க்கு முன்னால் நீட்டுகிறார்) ரெக்கோட் ஆகிறது, பொடியனுக்கு நேரே சொல்லுங்கள். காற்று அடிக்கிறது, சத்தமாகச் சொல்லுங்கள்.

(கடற்கரை வீதியால் இரண்டு பொலிஸ்காரர்கள் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். வாங்கின் பக்கம் வந்ததும் மானைப் பார்க்க நின்றுவிடுகிறார்கள்.)

நடேசன்: (தொண்டையைச் செருமி, ஆசிரியர் குரலில்) வணக்கம் ரூபன். உம்முடைய மரவள்ளியைப் பற்றி அம்மா சொன்னார். முதலில் அந்த மரவள்ளியின் பூவை...

பொலிஸ்காரர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

நடேசன்: ...கிழங்கை. கிழங்கை மூன்று வாளித் தண்ணீரில் கழுவும்.