கோசா மரபில் பெண் தலைமை இருந்ததே இல்லையா?

தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடையே பெண்கள் தலைமை ஏற்றதே இல்லை, அது ஐரோப்பியர் கொண்டுவந்த சிந்தனை என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. இது தவறு.

1829இல் கோசா மக்களின் ஒரு கிளையான ரராபே மக்களின் தலைவர் ங்கீக்கா இறந்தபோது வாரிசான சண்டிலே சிறுவனாக இருந்ததால், அவன் பருவமடையும் வரை, அதாவது 1840 வாக்கில் வரை, தாய் சுத்து அரசப் பொறுப்பை ஏற்றிருந்தார். அண்மையில், 2011இல் கணவர் இறந்தபின் அதே ரராபே மக்களுக்கு அரசி நோலோயிசோ சண்டிலே 2020இல் தாம் மறையும் வரை பொறுப்பரசியாக விளங்கினார். குறிசொல்லி நோய் தீர்க்கும் 'இகிரா' பணியிலும் பெண்களே பெரும்பான்மையினர். தலைவரை அவருடைய முகத்துக்கு நேரே புகழவும் இடித்துரைக்கவும் உரிமை பெற்ற புகழ்ப்பாடல் மரபு ஆண்களுடையதாகவே கருதப்பட்டுவந்த நிலையில், 1920களில் பெண் கவிஞர் நொன்சிசி ம்கெத்தோ அதே நடையில் ஒரு செய்தித்தாளில் தொடர்ந்து கவிதைகள் எழுதி, தம் காலத் தலைவர்களைப் பெயர் சொல்லியே கடிந்தார்.

இதற்காக, கோசா சமூகம் சமத்துவச் சமூகம் என்று மறுகோடிக்குப் போவதும் பிழை. சுத்து ஆண்டது மகனுக்காகத்தான். மணமான பெண், மாமனாரின் பெயரில் வரும் அசைகளைக்கூட நாவில் எடுக்காமல் வேறு சொல் தேடிப் பேசும் 'ஹ்லோனிபா' வழக்கம் இன்னும் உண்டு. சொத்துரிமையில் ஆண் வாரிசு முறையை 1927ஆம் ஆண்டுச் சட்டம் இறுக்கிப்பிடித்தது. கேப்டவுன் நகரை ஒட்டிய காயெலிட்சாவில் தந்தையை இழந்த இரு சிறுமியரின் வீட்டுரிமை வழக்கில்தான் அரசமைப்பு நீதிமன்றம் 2004இல் அதைச் செல்லாதென அறிவித்தது.